முதலுதவியும் தம்மமே

(விவேக் நகர் உபாசக உபாசிகைகள் கூட்டத்தில் நிகழ்த்திய அறவுரை)



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று வாழும் நாம் நம் பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கின்றோம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். வந்தனை சொல்லக் கற்பிக்கின்றோம். சீலங்களை மனப்பாடம் செய்விக்கின்றோம். வைசாகப் பௌர்ணமியன்று வெண்ணாடை உடுத்தி விளக்கேற்றச் செய்கின்றோம். இவையாவும் நன்று. ஆனால், கொல்லாமையாகிய முதற் சீலத்தை நாவினால் சொல்லும் பிள்ளை, தன் தம்பியின் சட்டையில் நெருப்புப் பற்றியபோது செய்வதறியாது நிற்குமாயின், அச்சீலத்தின் பாதியையே நாம் அதற்குக் கொடுத்தவராவோம். உயிரைக் கொல்லாமை ஒரு பாதி. உயிரைக் காத்தல் மறு பாதி. இந்த மறு பாதிக்கு இக்காலத்தார் இட்ட பெயர் முதலுதவி.

"இது மருத்துவர் வேலையன்றோ? தம்மக் கூட்டத்தில் இதற்கு என்ன இடம்?" என்று சிலர் எண்ணக்கூடும். புத்தர் பெருமான் ஒருநாள் ஆனந்தரோடு பிக்குகளின் உறைவிடங்களைப் பார்த்து வருகையில், வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைக் கண்டார். அருகிருந்த பிக்குகள் எவரும் அவரைக் கவனிக்கவில்லை. பெருமான் அவர்க்கு உபதேசம் செய்துவிட்டு அப்பாற் செல்லவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் செய்து, தாம் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவ, தலைப்பக்கம் தாமும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். அதன் பின்னரே பிக்குகளைக் கூட்டி, ஒருவர்க்கொருவர் பணிவிடை செய்ய வேண்டிய கடமையை எடுத்துரைத்தார். முதலில் கைவேலை, பின்னர் வாயுரை. இதுவே பெருமான் காட்டிய ஒழுங்கு.

பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதற்கும் பெருமானே வழிகாட்டி. இராகுலன் ஏழு வயதுச் சிறுவனாய் இருந்தபோது பெருமான் அவனுக்குச் செய்த உபதேசம் மஜ்ஜிம நிகாயத்தில் உள்ளது. அசோக மாமன்னர் பைராத் கல்வெட்டில், பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டற்குரியவை என்று பெயர் சுட்டிய சில உரைகளுள் இதுவும் ஒன்று. அவ்வுபதேசத்தில் பெருமான் பெரிய தத்துவம் எதையும் எடுத்து வைக்கவில்லை. கால் கழுவும் பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்துக் காட்டினார். அதைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். பொய் சொல்லக் கூசாதவனின் துறவு எத்தகையது என்பதை அந்தப் பாத்திரத்தைக் கொண்டே விளங்க வைத்தார். பின்னர்க் கண்ணாடியை உவமை காட்டி, ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் அதனால் தனக்கோ பிறர்க்கோ தீங்கு உண்டாகுமா என்று நோக்குமாறு பணித்தார்.

இந்த மூன்று நோக்குகளையும் முதலுதவிக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவன் மின்கம்பியைப் பிடித்து விழுந்து கிடக்கின்றான். தொடுமுன் நோக்காத பிள்ளை ஓடிச் சென்று அவனைப் பிடித்தால் இருவரும் மடிவர். முன்னே நோக்கக் கற்ற பிள்ளையோ, முதலில் மெயின் ஸ்விட்ச்சை அணைக்கும். அது எட்டாதாயின் கிட்டே நெருங்காமல் கூவிப் பெரியவரை அழைக்கும். கிணற்றிலோ ஏரியிலோ ஒருவன் தத்தளிக்கின்றான். நோக்காத பிள்ளை தானும் குதிக்கும். நோக்கும் பிள்ளை கரையில் நின்றவாறே கயிற்றையோ, நீண்ட கழியையோ, சேலையையோ நீட்டும், வாய் மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் குடத்தை எறியும், உரக்கக் கூவும். தனக்கும் பிறர்க்கும் தீங்கில்லாத செயல் எது என்னும் இராகுலனின் கேள்வியே இங்கும் உயிர் காக்கின்றது.

நம் பேட்டையின் நிலையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விவேக் நகர், ஈஜிபுரம், நீலசந்திரா ஆகிய இடங்களில் ஒற்றை அறை வீடுகளில் வாழும் குடும்பங்கள் பல. தந்தை ஒரு வேலைக்கும் தாய் ஒரு வேலைக்கும் சென்றுவிட, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மாலை வரை தனித்திருக்கின்றனர். எட்டு வயது அக்காள் மூன்று வயதுத் தம்பிக்குத் தாயாகின்றாள். அதே அறையில் கேஸ் அடுப்பு, அதே அறையில் நீர் சூடாக்கும் மின்கம்பி, வாசலில் மூடி சரியாகப் பொருந்தாத தண்ணீர்ச் சம்ப். இந்த அக்காளுக்கு நாம் பொறுப்பைக் கொடுத்தோம். அப்பொறுப்பை நிறைவேற்றும் அறிவைக் கொடுத்தோமா?

சத்தர்ம புண்டரீகம் என்னும் தாமரைச் சூத்திரத்தில் ஓர் உவமைக் கதை உண்டு. ஒரு செல்வரின் பழைய பெருமாளிகை தீப்பற்றி எரிகின்றது. உள்ளே அவருடைய பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கின்றனர். தந்தை வெளியே நின்று கூவுகின்றார். பிள்ளைகள் அசையவில்லை. தந்தைமேல் அவர்க்கு அன்பில்லாமலில்லை. நெருப்பென்றால் என்ன, எரிதல் என்றால் என்ன என்று அவர் அறியார், அதுவே காரணம். இறுதியில் ஆட்டு வண்டியும் மான் வண்டியும் மாட்டு வண்டியும் வாயிற்புறத்தில் உள்ளன என்று ஆசை காட்டியே தந்தை அவர்களை வெளிக்கொணர்ந்தார். அத்தந்தை வாயிலில் நின்றிருந்தமையால் பிள்ளைகள் பிழைத்தனர். தந்தை ஊரில் இல்லாத நேரத்தில் தீப்பிடித்திருந்தால்? நெருப்பு இன்னதென்று முன்னரே அறிவித்திருந்தால் மட்டுமே அப்பிள்ளைகள் தாமாக வெளியேறியிருப்பர்.

இக்கதை வெறும் கதையன்று என்பதைத் தமிழ்நாடு 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கண்ணீரோடு கண்டது. கும்பகோணம் காசிராமன் தெருவிலிருந்த ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில், மதிய உணவு சமைக்கும் இடத்தில் எழுந்த தீ கூரைக்குப் பரவியது. மேல்மாடியில் ஓலைக்கூரையின் கீழ் அமர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுள் 94 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள். நம் பெங்களூரிலும் 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்தபோது மாண்ட தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோரில் மிகுதியானோர் குழந்தைகளே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கும்பகோணத்தில் மாண்ட குழந்தைகள்மீது எவ்விதப் பொறுப்பும் இல்லை. ஓலைக்கூரையை அமைத்தவரும் அதற்கு அனுமதி தந்தவரும் பெரியவர்களே. அந்தத் துயரத்தை ஒட்டி எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு, பாதுகாப்பான பள்ளியில் படிப்பது ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று தீர்ப்பளித்தது; பள்ளிகளில் தீயணைக்கும் கருவிகள் இருக்க வேண்டும், ஆசிரியர்கள் அவற்றில் பயிற்சி பெற வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஆகையால் பிள்ளைகளுக்கு முதலுதவி கற்பித்துவிட்டோம் என்று சொல்லி நம் கடமையை அவர்கள் தோளில் இறக்கிவிடலாகாது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்குச் செல்லுங்கள். படிக்கட்டு எத்தனை, வெளிவாயில் பூட்டியிருக்கின்றதா, தீயணைப்பு ஒத்திகை எப்போது நடந்தது என்று தலைமையாசிரியரைப் பணிவோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிள்ளைக்கு அறிவு கொடுப்பதும், பிள்ளை வாழும் இடத்தைக் காப்பதும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள்.

அறிவு கொடுத்தால் என்ன பயன் விளையும் என்பதற்கும் சான்றுண்டு. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், மும்பையில் பரேல் பகுதியிலுள்ள கிரிஸ்டல் டவர் என்னும் அடுக்குமாடிக் கட்டிடத்தில் தீப்பற்றியது. நால்வர் உயிரிழந்தனர். அக்கட்டிடத்தில் வாழ்ந்த ஜென் சதாவர்த்தே என்னும் பத்து வயதுச் சிறுமி, மூன்றாம் வகுப்பில் தான் கற்ற பாடத்தை நினைவுகூர்ந்தாள். பருத்தித் துணியைக் கிழித்து நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுமாறு அண்டை வீட்டாருக்குச் சொன்னாள். பதறியவர்களை அமைதிப்படுத்தினாள். பதினேழு பேர் அவள் சொற்கேட்டுப் பிழைத்தனர். தேசிய வீரதீர விருது அவளுக்கு அளிக்கப்பட்டது. பள்ளியில் ஒரு வகுப்பில் கற்ற பாடம் பதினேழு பேரைக் காத்தது.

இன்னொரு சான்று கடலுக்கப்பாலுள்ளது. இந்தோனேசியாவில் சிமலூ என்னும் தீவை 1907ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கிப் பலரைக் கொன்றது. பிழைத்தவர்கள் அந்நிகழ்ச்சிக்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓட வேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 97 ஆண்டுகள் கழிந்து, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பேரலை மீண்டும் வந்தது. நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகிலிருந்த அத்தீவில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களுள் ஏழு பேரே மாண்டனர். அதே நாளில் நம் நாகப்பட்டினக் கரையில் ஆயிரக்கணக்கானோரை இழந்தோம். அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். அவர்களுக்கு அப்பாடத்தைச் சொல்வார் இல்லை. பாட்டி சொன்ன ஒரு கதை அரசாங்க எச்சரிக்கைக்கு முன்பே வந்து சேரும் என்பதை உபாசிகைகள் மனத்திற் கொள்வார்களாக.

இனி, தீக்காயம், வெட்டுக்காயம் முதலியவற்றில் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று பார்ப்போம். நான் மருத்துவனல்லன், ஆயினும் மருத்துவர் பலரும் ஒருமுகமாகச் சொல்வனவற்றையே சொல்கின்றேன்.

தீயோ கொதிநீரோ பட்டால், உடனே குழாய்த் தண்ணீரை அவ்விடத்தில் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். வீக்கம் காணுமுன் வளையல், மோதிரம் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கலாகாது. பற்பசை, மை, மாவு, மஞ்சள், எண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டா. பின் சுத்தமான துணியால் தளர மூடி மருத்துவமனைக்குச் செல்க. நம் நகரில் விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயத்திற்கென்று தனிப் பிரிவு உண்டு. அதற்கு மகாபோதி என்று பெயர். பெங்களூர் மகாபோதி சங்கத்தார் செய்த அறக்கொடை அது. 1956இல் ஆச்சாரிய புத்தரக்கிதர் தொடங்கிய அச்சங்கத்தின் தியான மண்டபத்தை நாமறிவோம். தீப்பட்டோர் படுக்கும் கட்டிலும் அதே தம்மத்தின் பீடமே என்பதை அறிவோமாக.

ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. ஓடினால் காற்றுப்பட்டுத் தீ வளரும். நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிப் புரள வேண்டும். புகை நிறைந்த அறையில் நிமிர்ந்து நடவாமல் தவழ்ந்து வெளியேற வேண்டும். லிஃப்டைப் பயன்படுத்தலாகாது. வெளியேறிய பின் எந்தப் பொருளுக்காகவும் திரும்பி உள்ளே செல்லலாகாது. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்ச்சையும் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. சன்னலையும் கதவையும் திறந்து, ரெகுலேட்டரை மூடத் தெரிந்தால் மூடிவிட்டு, வெளியே வந்து 1906 என்னும் எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

வெட்டுப்பட்டு இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கலாகாது. உடலில் ஆழப் பதிந்த பொருளைப் பிடுங்கலாகாது. அது மருத்துவர் பணி. தொண்டையில் ஏதேனும் அடைத்து ஒருவர் இருமவும் பேசவும் இயலாமற் போனால், முன்னே குனியச் செய்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்புறத்தால் ஐந்து முறை தட்ட வேண்டும்.

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிக்கும் வழக்கம் நம் தெருக்களில் இன்னும் ஒழியவில்லை. இரும்பு வலிப்பை நிறுத்தாது. அவரைச் சுற்றியுள்ள கூரிய பொருள்களை அகற்றி, தலைக்கு மெத்தென்ற ஒன்றை வைத்து, ஒருக்களித்துப் படுக்கச் செய்க. வாயில் எதையும் வைக்கலாகாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாம்பு தீண்டினால் கட்டுப்போடவும் கீறவும் உறிஞ்சவும் வேண்டா. தீண்டப்பட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. பிரித் ஓதுதல் மனத்தைத் தேற்றும். விஷத்தை முறிப்பது மருத்துவமனையிலுள்ள விஷமுறிவு மருந்தே. வந்து பார் என்று அழைக்கும் தம்மத்தை ஏற்றவர்கள், பார்த்தறியாத மந்திரத்தில் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கலாகாது. இதுவே நற்காட்சி.

உதவிக்கு அழைப்பதும் ஒரு கலையே. 112 என்பது எல்லா ஆபத்துக்கும் பொதுவான எண், 108 ஆம்புலன்ஸுக்கு, 101 தீயணைப்புக்கு, 1098 குழந்தைகளுக்கு. எண் தெரிந்தால் போதாது. எங்கிருந்து பேசுகின்றாய் என்று கேட்டால் பிள்ளை விடை சொல்ல வேண்டும். வீட்டு எண், குறுக்குத்தெரு, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றை வந்தனையைப் போலவே மனப்பாடம் செய்வியுங்கள். குழந்தை இயேசு ஆலயத்திலிருந்து எத்தனையாவது தெரு என்று சொன்னால் வண்டிக்காரர் வழி தவறார். மறுமுனையில் பேசுவோர் கன்னடத்தில் கேட்கக்கூடும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு 'பெங்கி' என்றால் தீ, 'விளாச' என்றால் முகவரி, 'சகாய மாடி' என்றால் உதவி செய்யுங்கள் என்று தெரிந்திருக்கட்டும். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்கலாகாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இத்தனையும் ஒரே நாளில் கற்பிக்க வேண்டுவதில்லை. ஐந்து வயதில் பெயரும் முகவரியும் போன் செய்வதும்; எட்டு வயதில் தீக்காயமும் இரத்தப்போக்கும்; பன்னிரண்டு வயதில் மூச்சும் நாடியும் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முறை. நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது அது. நார்வே நாட்டார் 1961ஆம் ஆண்டிலேயே இதைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தனர். பன்னிரண்டு வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் இதனைக் கற்பிக்கலாம் என்னும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஆதரித்தது. ஆண்டுக்கு இரண்டு மணி நேரம்! ஒரு சினிமாவுக்கு நாம் செலவிடுவதினும் குறைவு.

அன்பர்களே, இதுவரை சொன்னவை கைக்குரியவை. இனிச் சொல்வது மனத்துக்குரியது, அதுவே பெரிது.

நம் தெருக்களில் நாய்கள் மிகுதி. ஒரு பிள்ளையை நாய் கடித்தாலோ கீறினாலோ, உடனே சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போடத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் பிள்ளை பிழைக்கும். செய்யாமல் விட்டு வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. இவ்வளவு எளிய மருந்து இருக்க, பிள்ளைகள் ஏன் மடிகின்றனர்? கடித்ததை வீட்டில் சொல்லாமையும் ஒரு காரணம். ஏன் சொல்லவில்லை? நாயிடம் போகாதே என்று சொன்னேனே என அடிப்பார்கள் என்னும் அச்சம். நாம் ஓங்கிய கை, பிள்ளையின் வாயை மூடிவிடுகின்றது. மூடிய வாய் உயிரைக் குடித்துவிடுகின்றது.

இராகுலனுக்குப் பெருமான் முதலில் கற்பித்தது வாய்மை என்று சொன்னேன். அச்சிறுவனை அவர் அதட்டவில்லை, அடிக்கவில்லை. பாத்திரத்தைக் காட்டி, கேள்வி கேட்டு, பதில் சொல்ல வைத்தார். செய்த செயல் தீங்காயின், அதை ஆசானிடமோ அறிவுடைய தோழரிடமோ வெளிப்படையாகச் சொல்லுமாறு கூறினார். சொன்னால் தண்டனை என்று அவர் கூறவில்லை. சொல்லிப் பின்னர் அடக்கம் பயில்வாயாக என்றே கூறினார். எனவே, உங்கள் பிள்ளையிடம் இன்றிரவே இப்படிச் சொல்லுங்கள்: "கண்ணே, நீ எதை உடைத்தாலும், எதை விழுங்கினாலும், எங்கே விழுந்தாலும், முதலில் என்னிடம் வந்து சொல். சொன்னதற்காக உன்னை அடிக்கமாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். நான்காம் சீலமாகிய பொய்யாமை பிள்ளைக்கு மட்டும் உரியதன்று, பெற்றோர்க்கும் உரியது. இதுவே ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய முதல் முதலுதவிப் பெட்டி.

ஆபத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவது அமங்கலம் என்று நினைப்பாரும் உண்டு. வாயால் சொன்னால் வந்துவிடும் என்பர். பெருமான் நோயையும் மூப்பையும் சாவையும் மறைத்துப் பேசினாரல்லர். மாளிகைக்குள் அவற்றை மறைத்து வைத்தவர் சுத்தோதனரே. மறைத்ததால் அவை இல்லாமற் போகவில்லை. அச்சமூட்டிச் சொல்ல வேண்டா, விளையாட்டாகச் சொல்லலாம். பொம்மைக்குக் கட்டுப்போடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து வாயில் வரை தவழச் சொல்லுங்கள். இன்று விளையாட்டு, நாளை கைப்பழக்கம்.

இந்த அறிவு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கப்பட்டால் என்னாகும் என்பதை ஆலையில் நான் கண்டிருக்கின்றேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளர்க்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வேண்டும், அது வேலை நேரமெல்லாம் எளிதில் எட்டும்படி இருக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. நான் இளமையில் வேலை செய்த நூலாலை ஒன்றில் பெட்டி சுவரில் தொங்கியது. சாவி அலுவலகத்தில் இருந்தது. ஒரு தோழரின் விரல்கள் இயந்திரத்தில் சிக்கிய இரவில், சாவி வருமுன் அவர் தலைத்துணியே கட்டாயிற்று. கட்டியவர் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு முதியவர். துணியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று யாரோ அவருக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தனர். அறிவு சுவரில் தொங்கும் பெட்டியில் இருந்தால் போதாது. பக்கத்திலிருப்பவன் கையில் இருக்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

பக்கத்திலிருப்பவன் யார்? இங்கேதான் நம் சமூகத்தின் புண் இருக்கின்றது. பெருமான் மாலுங்கியபுத்தருக்குச் சொன்ன அம்பின் உவமையை நீங்கள் அறிவீர்கள். நச்சு அம்பு தைத்த ஒருவனுக்கு உறவினர் மருத்துவரைக் கொணர்கின்றனர். அவனோ, எய்தவன் எந்த வருணத்தான், என்ன பெயர், எந்த ஊர், நெட்டையா குட்டையா என்று அறியும் வரை அம்பை எடுக்கவிடேன் என்கின்றான். விடை கிடைக்குமுன் அவன் மாள்வான். கேட்கத் தகாத நேரத்தில் சாதி கேட்பவன் தன் உயிரையே இழப்பான் என்பது அவ்வுவமைக்குள் அடங்கியிருக்கின்றது.

நம் முன்னோரைத் தீண்டத்தகாதார் என்றனர். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்ட சிறுவனே பின்னர் அரசியற் சட்டத்தை வரைந்து, 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் லட்சக்கணக்கானோரைத் தம்மத்துக்கு அழைத்து வந்த பாபாசாகிப் அம்பேத்கர். 1898இல் தென்னாட்டில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். நாடி பிடித்துப் பார்க்க வேண்டியவன் கையைத் தொட்டேயாக வேண்டும். மருத்துவத்தில் தீண்டாமைக்கு இடமில்லை. அந்த மரபில் வந்த நம் பிள்ளைகள், தெருவில் விழுந்து கிடப்பவர் யாராயினும், எம்மொழியினராயினும், எச்சமயத்தாராயினும், நம்மை இகழ்ந்தவராயினும், தயங்காமல் தொட்டுத் தூக்க வேண்டும். தீண்டாமைக்கு நாம் சொல்லும் விடை அதுவே. இரத்தம் பெருகும் இடத்தில் அழுத்திப் பிடித்த கையின் சாதியை எவரும் கேட்டதில்லை.

உதவப் போனால் போலீஸ், வழக்கு என்று அலைக்கழிப்பர் என்னும் அச்சமும் இனி வேண்டா. விபத்தில் உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அத்தகையோர்க்குப் பாதுகாப்பளிக்கின்றது.

அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி ஏற்படுத்தியதைக் கூறுகையில், தம் ஆட்சிக்கு வெளியேயிருந்த சோழ பாண்டியர் நாடுகளையும் சேர்த்தே சொல்கின்றார். தமிழருக்கும் பௌத்தருக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருந்து சென்றது. அந்தத் தொடர்பை நம் வீட்டளவில் நாம் புதுப்பிக்கலாம்.

ஆதலின் நான் வேண்டுவது இதுவே. மாதந்தோறும் வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் வந்தனை முடிந்தபின் கால் மணி நேரம் ஒதுக்குவோம். ஒரு மாதத்திற்கு ஒரே ஒரு பாடம். இம்மாதம் தீக்காயம், அடுத்த மாதம் இரத்தப்போக்கு. செஞ்சிலுவைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பிலோ பயிற்சி பெற்றவரை அழைத்து, பெரியவரும் சிறியவரும் ஒருங்கே கற்போம். இளைஞர் ஒருவர் ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறத்திலும் அவ்வெண்களையும் முகவரியையும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டட்டும். சம்ப் மூடி பொருந்தாத வீடுகளைக் கணக்கெடுத்து, இயலாதவர்க்குச் சங்கத்தின் செலவில் மூடி வாங்கிக் கொடுப்போம். பன்னிரண்டு பௌர்ணமி கழிந்தால் நம் பிள்ளைகளின் கையில் பன்னிரண்டு உதவிகள் இருக்கும்.

ஜீவகர் தட்சசீலத்தில் ஏழாண்டுகள் மருத்துவம் பயின்றபின், ஆசிரியர் அவரிடம் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, சுற்றுப்புறத்தில் மருந்தாகாத ஒரு பச்சிலையைக் கண்டு வா என்றார். அவர் அலைந்து திரும்பி, அத்தகைய ஒன்றையும் காணவில்லை என்றார். உன் படிப்பு முடிந்தது என்றார் ஆசிரியர். அவர் பெருமானுக்கே மருத்துவரானார். அந்த ஜீவகர், பிறந்தவுடன் குப்பைமேட்டில் எறியப்பட்ட குழந்தை. எவரோ ஒருவர் குனிந்து எடுத்தமையால் அவர் பிழைத்தார்.

நம் பேட்டையின் பெயர் விவேக் நகர். பெயருக்கேற்ற விவேகம் நம் பிள்ளைகளின் கைகளில் விளங்கட்டும். குனிந்து எடுக்கும் கைகள் இவ்வூரில் பெருகட்டும்.

சர்வ மங்களம் உண்டாவதாக! நமோ புத்தாய! ஜெய் பீம்!